காப்புக் கட்டு வெறும் சடங்கா?

தை மாதப் பிறப்பில் சூரியன் மகர ராசிக்குள் நுழைகிறது. அதை இந்தியா முழுக்கக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அடுப்பில் ஏறுவது மட்டும் ஊருக்கு ஊர் வேறு!

மகாராஷ்டிரத்தில் எள்ளும் வெல்லமும் சேர்த்த 'தில்குள்' உருண்டையைக் கையில் கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்துகிறார்கள். கர்நாடகத்தில் எள், வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை கலந்த 'எள்ளு பெல்லா' வீடு வீடாகப் போகிறது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பல இடங்களில் பண்டிகைக்கே 'கிச்சடி' என்று பெயர். பஞ்சாபில் முந்தின நாள் இரவு 'லோஹ்ரி' தீயைச் சுற்றி நின்று கடலையும் எள் மிட்டாயும் சாப்பிடுகிறார்கள். அஸ்ஸாமில் 'மாக் பிஹு'வுக்கு எள் வைத்த அரிசிப் பிட்டா. ஆந்திராவில் போகியன்று குழந்தைகள் தலையில் இலந்தைப்பழம் கொட்டி திருஷ்டி கழிக்கிறார்கள்.

இத்தனை ஊரிலும் எள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? வடக்கே ஜனவரிக் குளிர் கடுமையானது. எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். சுண்ணாம்புச் சத்தும் உண்டு. மார்கழி, தை இரண்டையும் எங்கள் மருத்துவத்தில் 'முன்பனிக் காலம்' என்போம். தோல் வறளும், உடம்பு நெய்ப்பைக் கேட்கும். அந்த ஊர் ஜனங்கள் அதைப் பண்டிகையாகவே வைத்துவிட்டார்கள்.

சரி, நம்ம சேலம் ஜில்லாவுக்கு வருவோம். சென்னைப் பக்கம் போகி என்றால் பழசைக் கொளுத்துவது. நமக்கும் கொங்கு நாட்டுக்கும் அன்றைக்குக் காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல், மாட்டுக்கொட்டகை, வயல் என்று செருகி வைப்போம். சில வீடுகளில் மாவிலை, தும்பை, நாயுருவியும் சேரும்.

"ஏங்க டாக்டர், இதைக் கட்டினா நோய் வராதா?" என்று கேட்கிறார்கள். கூரையில் செருகினால் கிருமி செத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். என் அபிப்பிராயம் வேறு. காப்புக் கட்டு என்பது வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டிலேயே நடக்கும் மூலிகைப் பாடம்! சிறுபீளை, நீர்க்கட்டுக்கும் கல்லடைப்புக்கும் நாங்கள் கொடுக்கும் மூலிகை. ஆவாரை, நீரிழிவுக்கான குடிநீரில் முதல் சரக்கு. வேம்பின் அருமை எல்லோருக்கும் தெரியும். தாத்தாவோடு காட்டுக்குப் போய்ப் பறித்த பேரன் இந்தச் செடிகளை ஆயுசுக்கும் மறக்கமாட்டான்.

இன்றைக்கு என்ன நடக்கிறது? கடைவீதியில் கட்டுக்கட்டாக விற்கிறதை வாங்கி, பெயர்கூடத் தெரியாமல் செருகிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். கல்லடைப்புக்காரர் ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று 'சிறுபீளை' கஷாயம் மூன்று நாள் குடித்துவிட்டு என்னிடம் வந்தார். பையிலிருந்து செடியை எடுத்துக் காட்டினார். அது சிறுபீளையே இல்லை! நல்ல வேளை, விஷச் செடியாக இல்லை. அவர் வீட்டு வாசலிலேயே வருஷா வருஷம் சிறுபீளை தொங்குகிறது என்பதுதான் வேடிக்கை.

ஏற்காடு மலைக்கு மேலே போனால் சங்கதி இன்னும் யோசிக்க வைக்கிறது. சேர்வராயன் மலையில் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பொங்கல் சமயம் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கிற காலம்; பனியும் குளிரும் சேலத்தைவிட அதிகம். மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்தது சாமை, தினை, கேழ்வரகு. இன்று அங்கேயும் அரிசிச் சோறுதான் தினசரி உணவாகிவிட்டது. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை கொண்டாடியது. நகரத்துக்காரர்கள் சாமையைப் பாக்கெட்டில் அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். விளைந்த மலையிலேயே அது குறைந்துகொண்டு வருகிறது!

"காலம் மாறிப்போச்சு, நாலு ஊர்ப் பண்டத்தையும் ருசி பார்த்தால் என்ன?" என்பார்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் தில்குள்ளை அங்கே ஒன்றோ இரண்டோ கையில் வைத்துக் கொடுப்பார்கள். நாம் கிலோக் கணக்கில் ஸ்வீட் பாக்ஸ் வாங்குகிறோம். குளிர்நாட்டுப் பண்டம் வந்தது. அதன் அளவு வரவில்லை. நம் ஊர் மூலிகைப் பாடமும் போய்விட்டது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. இந்த நிலைமையில் நமக்கு எது கட்டுப்படி ஆகும் என்று யோசிக்க வேண்டாமா?

வரும் பொங்கலுக்கு இப்படிச் செய்து பாருங்களேன்:

காப்புச் செடிகளைப் பிள்ளைகளோடு போய்ப் பறியுங்கள். வேரோடு பிடுங்காமல் கிளையை மட்டும் ஒடியுங்கள்; அடுத்த வருஷத்துக்கு விதை வேண்டும். பெயரும் உபயோகமும் சொல்லிக் கொடுங்கள். கஷாயம் போடுவதை மட்டும் வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். சிறுநீரகம் கெட்டவர்களும், கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் தாமாக எதையும் குடிக்கக்கூடாது.

ஒரு பானை சாமையில் வெண்பொங்கல் வையுங்கள். ஏற்காட்டு மிளகும் இஞ்சியும் சேர்ந்தால் பனிக்கால மந்தத்துக்கு நல்லது. சர்க்கரைப் பொங்கல் சாமிக்குப் படைத்தபின் ஆளுக்கு ஒரு கரண்டி போதும். வெல்லம் என்றால் சர்க்கரை நோய்க்கு ஆகும் என்ற நினைப்பு தப்பு; அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சாமையும் மாவுச்சத்துதான், அளவோடு சாப்பிடுங்கள்.

டயர், பிளாஸ்டிக் கொளுத்தும் வழக்கம் நம் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. மூச்சிரைப்புக் குழந்தை உள்ள தெருவில் அது பண்டிகை அல்ல, தண்டனை.

ஒவ்வொரு ஊரும் தன் மண்ணுக்கும் பனிக்கும் ஏற்றதைத்தான் சாமிக்குப் படைத்தது. நாமும் நம் மண்ணில் விளைந்ததைப் படைப்போம்.