பெயரைக் கண்டு பயப்படலாமா?

பக்கவாதம் வந்த பிறகு என் தாத்தாவால் தண்ணீரைக்கூடச் சரியாக விழுங்க முடியவில்லை. நீர் நுரையீரலுக்குள் போய்விடக்கூடாது என்பதால், அதைக் கெட்டியாக்கும் ஒரு மாவைக் கலந்து கொடுக்கும்படி பேச்சு சிகிச்சையாளர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் வந்தது. ‘மாற்றம் செய்யப்பட்ட மாவுச்சத்து மரபணு மாற்றிய நஞ்சு’ என்றது அது. டின்னைத் திருப்பிப் பார்த்த அம்மா, அதே பெயரைக் கண்டதும் அதை ஒதுக்கி வைத்துவிட்டார். மறுநாள் தேநீர் குடித்தபோது தாத்தா மூச்சுத் திணற இருமியதை என்னால் மறக்க முடியவில்லை.

உணவு அறிவியல் படிக்கும் நான் அன்றே அம்மாவிடம் பேசியிருக்க வேண்டும். அதைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

சோள மாவு கரைத்துச் செய்த சூப்பைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் நீர் பிரிந்து நிற்கும். சாஸ், டின் சூப், தயிர் வகைகளில் அப்படி ஆகாமலிருக்க, மாவுச்சத்தை வெப்பம், அமிலம், நொதி அல்லது அனுமதிக்கப்பட்ட வேதிப்பொருள் கொண்டு பக்குவப்படுத்துகிறார்கள். ‘மாற்றம்’ என்பது இதுதான். மரபணு மாற்றம் என்பது வேறு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017ல் இத்தகைய 12 மாவுச்சத்து வகைகளை மறுஆய்வு செய்து, அவற்றின் பாதுகாப்பு குறித்துக் கவலைப்படத் தேவையில்லை என்று முடிவு செய்தது.

அதற்காக, பயப்படுபவர்களைக் கேலி செய்யவும் கூடாது. 2013ல் தைவானில், உணவில் அனுமதிக்கப்படாத மலேயிக் அமிலம் கலந்த மாவுச்சத்து கண்டுபிடிக்கப்பட்டது. நாம் விரும்பிக் குடிக்கும் பபிள் டீயின் மரவள்ளி முத்துகளிலும் அது இருந்தது. சிங்கப்பூரிலும் சில தைவான் பொருள்கள் கடைகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டன. குற்றம் மாவுச்சத்தினுடையது அன்று; அனுமதியில்லாததைக் கலந்தவர்களுடையது. சோதனை நடந்ததால்தான் அது வெளியே வந்தது.

பாதுகாப்பானது என்பதாலேயே ஒன்று சத்தானதாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மாவில் பெரும்பகுதி செரித்துச் சர்க்கரையாகிறது. நீரிழிவு உள்ளவர்கள் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சாஸில் மாவு கூடி, தக்காளி குறைந்திருந்தால் நமக்குத்தான் இழப்பு.

எனவே, அடுத்த முறை இப்படியொரு தகவல் வந்தால் உடனே பகிராதீர்கள். எந்தப் பொருள், எவ்வளவு, யார் ஆய்வு செய்தார்கள் என்று கேளுங்கள். வீட்டில் ஆங்கில லேபிளைப் படித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். அதற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பும் நமக்கு உண்டு.

அம்மா சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். டின் மீண்டும் மேசைக்கு வந்தது. தாத்தா இப்போது இருமாமல் தேநீர் குடிக்கிறார்.