என் முதல் டெமோவில் அப்பாவுக்குக் கேட்காத சத்தம்

இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தி இல்லை. ஒரு பாட்டு பத்தி எழுதுறேன். கடைசியில காது பத்தியும் வரும். கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

சமீபத்துல ஒரு அம்மா, பிளஸ் டூ படிக்கிற மகனைக் கூட்டிட்டு வந்தாங்க. "சார், ராத்திரி பூராம் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு போன்ல டொக்கு டொக்குனு எதையோ தட்டிக்கிட்டே இருக்கான். நீங்களாவது சொல்லுங்க சார்."

பையன்கிட்ட கேட்டேன். தரையைப் பார்த்துக்கிட்டே, "பீட் போடுறேன் சார்"னான்.

எனக்கு 2008 ஞாபகத்துக்கு வந்துருச்சு.

அப்ப நான் எம்பிபிஎஸ் முதல் வருஷம். லீவுக்கு பந்தல்குடி வந்திருந்தேன். வீட்டுல ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர். அதுல எஃப்எல் ஸ்டூடியோவோட இலவச டெமோ பதிப்பு. காசு கட்டாத பதிப்புல ஒரு சிக்கல்: விட்ட இடத்துல இருந்து மறுநாள் தொடர முடியாது. ஒரே மூச்சுல முடிச்சு பாட்டா வெளியே எடுத்துரணும். அதுவும் 2008ல! எப்ப கரண்டு போகும்னு யாருக்கும் தெரியாத காலம். மூணு தடவை முக்கால்வாசி முடிச்சு, மூணு தடவையும் கரண்டு போயி, எல்லாம் போச்சு.

மென்பொருளைத் திறந்ததும் வேகம் 140ன்னு காட்டும். நிமிஷத்துக்கு 140 அடி. அப்பதான் பிசியாலஜியில, பெரியவங்களுக்கு ஓய்வுல நாடி 100ஐத் தாண்டினா டாக்கிகார்டியான்னு படிச்சிருந்தேன். என் பாட்டுக்கு காய்ச்சல்னு எனக்கு நானே சிரிச்சுக்கிட்டேன்.

எங்கப்பா அருப்புக்கோட்டையில விசைத்தறி ஓட்டினவர். 25 வருஷம். ஒரு நாள் தறிக்கூடத்துக்குப் போய் செல்போன்ல அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணிட்டு வந்தேன். நாடா அங்கிட்டும் இங்கிட்டும் அடிக்கிற அந்த 'டடக் டடக்'தான் என் பாட்டுக்குத் தாளம். அதுக்கு மேல ஒரு பேஸ், ஒரு சின்ன மெட்டு. நடுவுல எல்லாத்தையும் நிறுத்திட்டு, 'ஹை ஹேட்'ங்கிற சன்னமான ஜால்ரா சத்தம் மட்டும் தனியா வரும். அப்புறம் மறுபடி தறி இறங்கும். மொத்தம் 1 நிமிஷம் 40 விநாடி.

உண்மையைச் சொல்லிடுறேன், பாட்டு சுமார்தான். பேஸ் கரகரங்கும். தறி ஒரு பக்கம் போகும், தாளம் ஒரு பக்கம் போகும். ஆனா முடிச்சுட்டேன்!

முதல் ரசிகர் எங்கப்பாதான். ஹெட்போனை மாட்டி விட்டேன். தலையை ஆட்டிக் கேட்டாங்க. நடுவுல சட்டுன்னு ஹெட்போனைக் கழட்டிட்டு, "என்னய்யா நின்னு போச்சு? கரண்டு போயிருச்சா?"ன்னாங்க.

கரண்டு போகலை. அந்த ஜால்ரா சத்தம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

பின்னாடி ஈஎன்டி போஸ்டிங்ல ஒரு ஆடியோகிராமைக் காட்டி பேராசிரியர் விளக்கினார். சத்தத்துல வேலை பார்க்கிறவங்களுக்குப் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதல்ல பள்ளம் விழும். கீழ் ஸ்தாயி கேட்கும், பேச்சும் ஓரளவு கேட்கும். அதனால ஆளுக்கே தெரியாது. போகப் போக மேல இருக்கிற சன்னமான சத்தங்களும் போயிரும். அன்னைக்குச் சிரிச்சது நெஞ்சுல முள்ளாக் குத்துச்சு. அப்பாவைக் கூட்டிட்டுப் போய் சோதிச்சோம். ரெண்டு காதுலயும் அதே பள்ளம்.

நான் எந்தச் சத்தத்தைத் தாளமா வச்சேனோ, அந்தச் சத்தம்தான் எங்கப்பா காதைத் தின்னுருந்துச்சு. எங்களைப் படிக்க வச்ச சத்தமும் அதுதான்.

இப்ப பெத்தவங்களுக்கு ரெண்டு விஷயம்.

ஒண்ணு: "இதெல்லாம் ஒரு வேலையா?"ன்னு கேட்காதீங்க.

ஏ.ஆர்.ரஹ்மானுக்கு ஒன்பது வயசுல அப்பா ஆர்.கே.சேகர் தவறிட்டார். அவர் விட்டுட்டுப் போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடுச்சு. பின்னாடி கோடம்பாக்கத்துல வீட்டோட ஒட்டி ஒரு ஸ்டூடியோ கட்டி, விளம்பரங்களுக்கு இசை போட்டுக்கிட்டு இருந்தார். மணிரத்னம் அங்க போய் அவர் மெட்டைக் கேட்டார். 1992ல ரோஜா வந்துச்சு. முதல் படத்துக்கே தேசிய விருது.

எல்லாருக்கும் அப்படி நடக்காதே டாக்டர்னு கேட்பீங்க. சரிதான். மும்பையில சரண்ஜித் சிங்னு ஒரு சினிமா வாத்தியக்காரர். ரோலண்ட் கருவிகளை வாங்கி வச்சு, வீட்டுலேயே நோண்டிப் பழகி, 1982ல பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். யாரும் சீண்டலை. 2010ல மறுவெளியீடு ஆனப்பதான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. சிகாகோவுல 1987ல 'ஆசிட் ஹவுஸ்'னு கிளம்பின சத்தம், அஞ்சு வருஷம் முன்னாடியே இவர்கிட்ட இருந்திருக்கு!

எனக்கு ரெண்டும் நடக்கலை. நான் இசையமைப்பாளர் ஆகலை. ஆனா ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதுக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு தேடுற பழக்கம் அந்த டெமோவுலதான் வந்துச்சு. இதயத்தோட லப், டப் ரெண்டுக்கு நடுவுல வர்ற மெல்லிய முணுமுணுப்பை ஸ்டெத்துல பிடிக்கிறதுக்கு இன்னைக்கு வரைக்கும் அதுதான் உதவுது. ஆரம்பிச்ச ஒண்ணை, சுமாரா இருந்தாலும் முடிக்கணும்கிறதையும் அங்கதான் கத்துக்கிட்டேன்.

ரெண்டு: காதைக் காப்பாத்துங்க.

உள்காதுல சத்தத்தை உணர்ற மயிர் செல்கள் ஒரு காதுக்கு சுமார் 15,000 இருக்கு. செத்தா மறுபடி முளைக்காது. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு இது: 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடினா பத்துல ஒரு பங்கு நேரம்.

அதனால பீட் போடுற தம்பி, தங்கச்சிகளே:

வால்யூம் அறுபது சதவீதத்தைத் தாண்ட வேணாம்.

ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா ஹெட்போனைக் கழட்டிட்டு பத்து நிமிஷம் சும்மா இருங்க.

காதுல 'ஙொய்'னு இரைச்சல் வந்தா அன்னைக்குக் கடையைச் சாத்துங்க. மறுநாளும் இருந்தா டாக்டரைப் பாருங்க.

ராத்திரி தூக்கத்தை விடாதீங்க. தூங்கி எழுந்து கேட்டாதான் நேத்து போட்டது எவ்வளவு மோசம்னு தெரியும்.

தறி, ஸ்பின்னிங் மில், கல்குவாரியில வேலை பார்க்கிற அண்ணன்மாரே, அக்காமாரே! காதடைப்பான் விலை ரொம்பக் கம்மி. பஞ்சு வச்சா போதாது. "டிவி சத்தத்தை ஏன் இப்படி வைக்கிறீங்க?"ன்னு வீட்டுல திட்டினா கோபப்படாம ஒரு ஆடியோகிராம் எடுத்துருங்க.

அந்தப் பையனை நான் நிறுத்தச் சொல்லலை. பத்தரை மணிக்கு ஹெட்போன் அம்மா கைக்குப் போயிரணும், பரீட்சை முடியுற வரைக்கும் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பீட்டுன்னு பேசி முடிச்சோம். போறப்ப, அவன் போட்டதை எனக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். அந்த அம்மாவும் அப்பதான் முதல் தடவையாக் கேட்டாங்க.

அப்பா இப்ப காது மெஷின் போட்டிருக்காங்க. பழைய டெமோவைப் போன வருஷம் மறுபடி போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, "இப்ப கேக்குதாப்பா?"ன்னேன்.

"ஏதோ லேசாக் கேக்குதுய்யா"ன்னாங்க.

உங்க வீட்டுலயும் யாராவது ஒருத்தர் எதையாவது தட்டிக்கிட்டு இருப்பாங்க. இன்னைக்கு ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்க.