மஞ்சள் அலர்ட்டும் சித்தப்பாவின் நெல்லும்

‘திருவாரூர் உள்ளிட்ட 6 மாவட்டங்களுக்கு மஞ்சள் அலர்ட்!’

ஐப்பசி பிறந்ததிலிருந்து இப்படி ஒரு தலைப்பை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது டைப் செய்கிறேன். அன்றைக்கும் செய்தியைப் போட்டுவிட்டு டீ குடிக்க எழுந்தேன். மன்னார்குடி பக்கம் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார்.

“நீ போட்ட நியூஸைப் பாத்தேன் தம்பி. மழை எத்தனை மணிக்கு வரும்?”

என்னிடம் பதில் இல்லை. ‘ஓரிரு இடங்களில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்யலாம்’ என்று மட்டும் சொன்னேன்.

“அவ்வளவு எதுக்குப்பா? என் நெல்லு கெட ஒரு தூறல் போதும்!”

இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போனபோதுதான் அது புரிந்தது.

ரீல்ஸைத் திறந்தால் இந்த மாதம் முழுக்க எங்கோ சிவந்த இலைகள் உதிர்கின்றன. எங்கள் ஊரில் உதிர்வதெல்லாம் மழைதான். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது.

டெல்டாவில் அந்த நேரத்தில் அறுத்த குறுவை நெல் சாலையோரம் குவிந்து கிடக்கும். பக்கத்து வயலில் சம்பா நட்டு இருபது நாள் ஆகியிருக்கும். சம்பாவுக்கு மழை வேண்டும், குறுவை நெல்லுக்கு வெயில் வேண்டும். வானம் ஒன்றுதான்!

அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. மழை அதிகமான ஆண்டுகளில் மத்திய அரசு இதைத் தளர்த்துவதுண்டு. ஆனால், குழு வந்து பார்த்து உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்காது. நனைந்து சூடேறினால் முளைத்துவிடும்.

சித்தப்பாவின் நெல் 19.2 காட்டியது. “காயவெச்சுக் கொண்டாங்க” என்றார்கள்.

வெயில் வந்ததும் தார்ப்பாயை விலக்கி, தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பி, காலால் கிளறிவிட்டோம். சித்தி வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேகம் கறுத்தால் அள்ளிக் குவித்து மூட வேண்டும். ஒரே நாளில் மூன்று முறை! கையெல்லாம் நெல் சுணை அரித்தது.

மறுநாள் காலை, வானிலை மையம் வெளியிடும் ‘அடுத்த 3 மணி நேர’ முன்னறிவிப்பைப் பார்த்தேன். எங்கள் மாவட்டம் அதில் இல்லை. “தைரியமா விரிங்க சித்தப்பா” என்றேன். மதியம் 16.8. நாற்பது கிலோ மூட்டைகளாகப் பிடித்து எடை போட்டார்கள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

“இனி பெய்யட்டும் தம்பி, சம்பா நல்லா தூர் கட்டும்” என்று சிரித்தார் சித்தப்பா. பிறகு, தார்ப்பாய் போட்டு மூடியிருந்த பக்கத்துக் குவியலைப் பார்த்தார். அதன் அடி நெல் காலையிலேயே முளைவிட்டிருந்தது. அதற்குமேல் அவர் பேசவில்லை.

இப்போதெல்லாம் அலர்ட் செய்தியோடு அந்த 3 மணி நேர முன்னறிவிப்பையும் சேர்த்தே போடுகிறேன். உங்கள் ஊரில் யாராவது நெல் காயவைத்துக்கொண்டிருந்தால், அதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்!