சிமெண்ட் வரி குறைந்தும் வீட்டு வேலை செலவு குறையாதது ஏன்?

சேலம்:-

சிமெண்ட் வரிதான் குறைஞ்சாச்சே, பழைய வீட்டை இப்பவே புதுப்பிச்சிடலாம் என்று சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் கணக்கு போடுறவங்க கொஞ்சம் பொறுங்க.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சிமெண்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைந்தது. வரியோடு 350 ரூபாய்க்கு விற்ற மூட்டை என்றால் சுமார் 27 ரூபாய் மிச்சம். உள்பூச்சு, தரை வேலைக்கு 20 மூட்டை பிடித்தாலும் மொத்த லாபம் 540 ரூபாய்தான். கொத்தனாரின் ஒருநாள் சம்பளத்துக்கே அது காணாது. டைல்ஸ், பெயிண்ட், ஒயர், பைப்புக்கு பழைய 18 சதவீத வரிதான்.

எங்கே செலவு இழுக்கும்?

உப்பு பூத்த சுவரில் பழைய பூச்சை கொத்தி எடுக்காமல் பெயிண்ட் அடித்தால் சீக்கிரமே உதிர்ந்து விடும். அம்மாப்பேட்டை பக்கம் குழித்தறி இருந்த வீடுகளில், குழியை மூடி திம்சு போட்டு இறுக்காமல் டைல்ஸ் ஒட்டினால் தரை உள்ளே இறங்கி விடும். குப்பை அள்ள டிராக்டர் வாடகை தனி.

ஆகவே சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாக பேசாதீங்க. உடைப்பது, பூசுவது, ஒயரிங், தரை, பெயிண்ட், குப்பை என தனித்தனியா எழுதி வாங்குங்க. 500 சதுர அடி தரைக்கு, வெட்டு சேதாரம் சேர்த்து 550 சதுர அடி டைல்ஸ் கணக்கு வையுங்க.

நகையை அடகு வைக்கும் முன்னாடி சுவரை ஒரு இடத்தில் கொத்தி பாருங்க. பாதி வேலையில் பணம் தீர்ந்தால் வீட்டில் குடியிருக்கவும் முடியாது, வட்டியும் நிக்காது.