முடி மூச்சு விடுவதில்லை

தில்லியில் குளிர் தொடங்கினால் தோல் வறண்டு வெடிக்கும், தலைமுடி நார் நாராக நிற்கும். அப்போதுதான் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுக்களில் அந்த எச்சரிக்கை சுற்றத் தொடங்கும். ஷாம்பு, கண்டிஷனர், சீரம் எல்லாவற்றிலும் சிலிக்கோன் இருக்கிறது. அது திரவ பிளாஸ்டிக். முடியையும் தோலையும் மூச்சுவிட விடாமல் அடைக்கும். ரத்தத்தில் கலந்து உடம்பிலேயே தங்கிவிடும். ஆகவே 'சிலிக்கோன் இல்லை' என்று அச்சிட்ட பாட்டிலையே வாங்குங்கள் என்கிறது அது. படித்த பெண்கள், மருந்துக் கடைக்காரர்கள்கூட இதை நம்புகிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இதில் பெரும்பகுதி நிற்காது. நிற்கிற பகுதியோ இவர்கள் காட்டும் இடத்தில் இல்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். காரி பாவ்லியை ஒட்டிய திலக் பஜாரின் ரசாயனக் கடைகளில் சிலிக்கோன் எண்ணெய் கேனில் கிடைக்கிறது. கேனில் எழுதியிருக்கும் '350' என்பது அதன் பிசுக்கு அளவு. அதே அளவையில் தண்ணீர் 1. ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்தால் நிறமில்லை, மணமில்லை, ஒட்டுவதில்லை, உள்ளே இறங்குவதுமில்லை. மெல்லிய படலமாகப் பரவி வழவழவென்று நிற்கும். சிலிக்கானும் ஆக்ஸிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி, பக்கவாட்டில் மெத்தில் தொகுதிகள்: இதுதான் அதன் உடல். தண்ணீரின் பரப்பு இழுவிசை 72 என்றால் இதற்கு ஏறக்குறைய 21. அழகு சாதனத்திலும் மருந்திலும் இதன் பயன்களில் பல இந்த ஒரு குணத்திலிருந்து வருபவை.

பிளாஸ்டிக்கைப் போல இதுவும் பாலிமர்தான். முடியின் கெரட்டினும் பாலிமர், பருத்தி நூலும் பாலிமர். அந்தப் பெயரை வைத்து ஒரு பொருள் கெட்டதா நல்லதா என்று சொல்ல முடியாது.

மூச்சு அடைப்பு என்ற குற்றச்சாட்டு அடிப்படையிலேயே தவறு. தலைக்கு மேலே தெரியும் முடி உயிரற்ற செல்களால் ஆனது, அதற்குச் சுவாசமே கிடையாது. உயிருள்ள வேர்க்காலுக்கு ஆக்ஸிஜன் ரத்தத்தின் வழியாக வருகிறது. தோலுக்கு வருவோம். வாஸ்லின் படலம் நீராவியைப் பெருமளவு தடுக்கும், டைமெதிகோன் என்ற இந்தச் சிலிக்கோன் எண்ணெயின் படலமோ ஓரளவு வெளியே விடும். ஆக்ஸிஜனை இவ்வளவு எளிதாகக் கடத்தும் பாலிமர்கள் மிகக் குறைவு. காற்றிலிருந்து நேரடியாக ஆக்ஸிஜன் எடுக்கும் கருவிழியின் மேல் வைக்கிற காண்டாக்ட் லென்ஸுக்குச் சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். கண்ணையே மூச்சுவிட வைக்கும் பொருள் முடியை மூச்சுத் திணற வைக்கும் என்பதை எப்படி ஏற்பது?

படிந்துவிடும் என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. மெல்லிய, எண்ணெய்ப் பசையுள்ள முடியில் கனமான சிலிக்கோன் தங்கி முடியைச் சோர்ந்து தொங்க வைக்கும். நுரைக்கிற சாதாரண ஷாம்பு போட்டு அலசினால் பெரும்பகுதி போய்விடும். தில்லியில் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் காலனிகளில் முடி சொரசொரப்பதற்குக் கடின நீரின் சுண்ணாம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் பழி முழுவதும் சீரத்தின் மேல் விழுகிறது.

ரத்தத்தில் கலக்கும் என்கிறார்கள். டைமெதிகோனின் சங்கிலி மிகப் பெரியது, தோலைத் தாண்டாது. விழுங்கினால்? வயிற்று உப்புசத்துக்கு நம் வீடுகளில் எத்தனை காலமாகக் குடிக்கிறோம்! டைஜீன், ஜெலுசில் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஜெலுசில் எம்பிஎஸ் என்பதில் 'எம்பிஎஸ்' மெத்தில் பாலி சிலாக்ஸேன், அதாவது இதே சிலிக்கோன்தான். டைமெதிகோனோடு நுண்ணிய சிலிக்கா சேர்ந்தது சைமெதிகோன். அது குடலில் சிறு குமிழ்களை உடைத்து ஒன்றாக்கும், உடம்பில் உறிஞ்சப்படாமல் அப்படியே மலத்தில் வெளியேறும். பொரிக்கும் எண்ணெயில் நுரை அடக்க இதே வகைப் பொருளைக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை சேர்க்கலாம். உலக அளவில் உணவுச் சேர்க்கைகளை மதிப்பிடும் நிபுணர் குழு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் வரை தினமும் உட்கொள்வது பாதுகாப்பானது என்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் அந்த எல்லையைத் தொட நாளுக்கு 9 கிலோ எண்ணெய் குடித்தாக வேண்டும். அதே நேரத்தில் மிகையாகவும் சொல்லக் கூடாது. குழந்தைகளின் வயிற்றுவலி அழுகைக்குக் கொடுக்கும் சைமெதிகோன் சொட்டு மருந்து, ஆய்வுகளில் வெறும் போலி மருந்தைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தீங்கில்லை என்பதாலேயே பலனுண்டு என்றாகாது.

தேங்காய் எண்ணெய் இருக்க இதெல்லாம் எதற்கு என்பாரும் உண்டு. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது. மும்பையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. சிலிக்கோன் முடியின் வெளிப்புறத்தில் வேலை செய்கிறது, சீப்பு உரசும்போது செதில்கள் பெயராமல் காக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை, ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ள முடியாது.

மருத்துவத்தில் இதன் இடம் இன்னும் பெரியது. பேன் தொல்லைக்கு 4 சதவீத டைமெதிகோன் லோஷன், நரம்பு நஞ்சு எதுவும் இல்லாமல் பூச்சியின் மேல் படர்ந்தே அதைக் கொல்கிறது. ஊசிக் குழாயின் தண்டு வழுக்கிச் செல்ல உள்ளே பூசுவதும் சிலிக்கோன் எண்ணெய்தான். எய்ம்ஸ் வளாகத்தில் 1967இல் தொடங்கிய ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் போன்ற இடங்களில், சிக்கலாகப் பிய்ந்த விழித்திரையை அதன் இடத்தில் அழுத்தி நிறுத்தக் கண்ணுக்குள் சிலிக்கோன் எண்ணெயை நிரப்புகிறார்கள். 1962இல் கண் மருத்துவர் பால் சிபிஸ் உலகுக்குக் காட்டிய வழி அது. விழித்திரை ஒட்டியதும் பெரும்பாலும் சில மாதங்களில் அதை வெளியே எடுத்துவிடுவார்கள். விட்டுவைத்தால் சிறு துளிகளாக உடைந்து கண் அழுத்தத்தைக் கூட்டும், புரையை வரவழைக்கும். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியைத் தள்ளிப்போடக் கூடாது.

உண்மையான ஆபத்துகள் வேறு. உடலை அழகுபடுத்துகிறோம் என்று இடுப்பிலும் மார்பிலும் திரவ சிலிக்கோனை ஊசியில் ஏற்றுவது முதலாவது. அது இடம்விட்டு நகரும், கட்டிகளாக இறுகும், ரத்தக் குழாய்க்குள் போனால் நுரையீரலை அடைத்து ஆளைக் கொல்லும். கண்ணுக்குள் செலுத்தும் குறிப்பிட்ட பயனைத் தவிர வேறெதற்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரவ சிலிக்கோன் ஊசியை அனுமதிக்கவில்லை. தொழிற்சாலைத் தர எண்ணெய்க்கும் மருந்துத் தர எண்ணெய்க்கும் பார்வையில் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதால் இது இரட்டை ஆபத்து.

இன்னொன்று வளைய வடிவச் சிறு மூலக்கூறுகள், டி4, டி5, டி6. தடவியதும் ஆவியாகிப் போகும் இவை சூழலில் எளிதில் சிதையாமல் நிற்பவை. டி4 கருவளத்தைக் கெடுக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலிலும் இருக்கிறது. அலசிவிடும் சாதனங்களில் டி4, டி5 இரண்டுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி இறுதியில் 0.1 சதவீத வரம்பு வைத்தது. தலையிலும் முகத்திலும் அப்படியே விட்டுவிடும் சாதனங்களுக்கும் 2027 ஜூனில் அந்த வரம்பு வருகிறது. நம் ஊர் சீரம் பாட்டிலின் பட்டியலில் 'சைக்ளோபென்டாசிலாக்ஸேன்' முதல் இடத்தில் இருந்தால் அதில் அதிக அளவில் இருப்பது டி5தான் என்று பொருள். 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை எடை அல்லது கன அளவின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் அழகு சாதன விதி. அந்த விதிகளைப் பார்த்துக்கொள்ளும் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகம் கோட்லா சாலையிலும், தரநிலை வகுக்கும் அமைப்பின் மானக் பவன் பகதூர் ஷா ஜாபர் மார்கிலும், இரண்டுமே ஐடிஓ பக்கம்தான் இருக்கின்றன. டி5க்கு இங்கே என்ன வரம்பு, எப்போதிலிருந்து என்று அந்த இரண்டு அலுவலகங்களுக்கும் எழுதிக் கேட்கலாம்.