சராசரிக் கதியும் மலைச்சாலைச் சாரதிகளும்

சென்ற மாதம் ஒருநாட் காலை, நுவரெலியாவிலிருந்து ஹட்டன் செல்லும் தனியார் பேருந்தொன்றில் ஏறினேன். பரீட்சைக் கடமைக்கு உரிய நேரத்திற் சென்று சேர வேண்டுமே என்ற பதைப்பு எனக்கு. ஏறும்போதே சாரதியிடம், "தம்பி, எட்டரைக்குள் ஹட்டன் போய்விடலாமா?" என்று கேட்டுவிட்டேன். "கவலப்படாதீங்க ஐயா, நான் சேத்துருவேன்" என்றார் அவர்.

நானுஓயாவைக் கடந்து சிறிது தூரம் சென்றிருப்போம். எதிரே வந்த லொறியொன்று முன்விளக்கை இருமுறை சிமிட்டிச் சென்றது. நம் சாரதி உடனே வண்டியைத் தளர்த்தினார். அடுத்த வளைவிலே, கதி அளக்கும் கருவியைக் கையிலேந்தி நின்ற பொலிசாரைக் கண்டோம். மிக்க அடக்கத்தோடு அவர்களைக் கடந்த பேருந்து, வளைவு மறைந்ததும் முன்னிலும் விரைந்து பாய்ந்தது. "என்ன தம்பி இது?" என்றேன். "விட்ட நேரத்தப் புடிக்க வேணாமா ஐயா? ஹட்டன்ல புத்தகத்தோட ஆள் நிக்கிறாரே!" என்றார்.

என்னருகே என் பழைய மாணாக்கர் ஒருவர் இருந்தார். ஸ்கொத்லாந்தில் லொறி ஓட்டிப் பிழைப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் நகைத்து, "சேர், எங்கட பக்கம் இந்த வெளையாட்டுச் செல்லாது. அங்க கமரா நம்ம வண்டி ஓடுற கதியப் பாக்குறதில்ல, நாம எடுத்த நேரத்தப் பாக்குது" என்றார். அவ்வொரு வாக்கியம் என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது. அதன் பயனே இக்கட்டுரை.

கதியும் வேகமும்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் வேகமென்றே வழங்குகிறோம். நம் நாட்டு விஞ்ஞான பாடநூல்களோ கதி வேறு, வேகம் வேறு எனப் பிரித்துக் கற்பிக்கின்றன. சென்ற பாதையின் நீளத்தை எடுத்த நேரத்தால் வகுத்தால் வருவது சராசரிக் கதி. தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்திற்கு நேர்கோட்டில் அமையும் இடப்பெயர்ச்சியை வகுத்தால் வருவது சராசரி வேகம். பாம்புபோல் வளைந்து செல்லும் மலைச்சாலையில் இவ்விரண்டும் பெரிதும் வேறுபடும் என்பதை மாணவர் எளிதில் உணர்வர். ஈண்டு நாம் பேசும் கருவி அளப்பது கதியையே. சராசரி என்னும் சொல் உருது வழியாக நம்மிடம் வந்தது; எனினும் அதன் பொருள் இன்று தேயிலை நிறுக்கும் மடுவத்திலும் வழங்குகிறது.

கருவியின் இயக்கம் வியக்கத்தக்கதன்று, எளிமையானதே. சாலையின் ஓரிடத்தில் ஒரு கமராவும், சில கிலோமீற்றர் கடந்து மற்றொரு கமராவும் நாட்டப்பெறும். கடந்து செல்லும் ஒவ்வொரு வண்டியின் இலக்கத் தகட்டையும் முதற் கமரா படித்து, அது கடந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளும். இரண்டாவதும் அவ்வாறே செய்யும். இரு கமராக்களின் கடிகாரங்களும் ஒன்றோடொன்று இம்மியும் பிசகாமல் இசைந்திருக்கும். இடைத்தூரம் முன்னரே துல்லியமாக அளக்கப்பட்டிருக்கும். வளைவுகளின் உட்புறமாக ஓட்டினால் எவ்வளவு குறையுமோ, அந்தக் குறைந்த தூரத்தையே கணக்கிற் கொள்வது வழக்கம். ஆதலின் ஐயத்தின் பயன் சாரதிக்கே கிட்டும்.

உதாரணமாக, மணிக்கு 50 கிலோமீற்றர் எல்லை விதித்த சாலையில் இரு கமராக்களுக்கும் இடையே 10 கிலோமீற்றர் எனக் கொள்வோம். எல்லை மீறாதவர் அதனைக் கடக்கக் குறைந்தது 12 நிமிடம் ஆகும். ஒருவர் 9 நிமிடத்தில் கடந்தாரெனின், அவருடைய சராசரிக் கதி 66 கிலோமீற்றருக்கும் மேல். சராசரி 66 எனின், வழியில் எங்கேனும் ஓரிடத்தில் அவர் 66-க்குக் குறையாமல் ஓட்டியே இருத்தல் வேண்டும். இதனை மறுக்க எந்த வழக்கறிஞராலும் இயலாது. ஏனெனில் இது சாட்சியமன்று, கணக்கு.

பிறநாட்டு அனுபவம்

பிரித்தானியாவில் இத்தகைய கருவி 1999-ல் அரசின் ஏற்பைப் பெற்றது. நெதர்லாந்தில் ரொட்டர்டாம் நகரை ஒட்டிய பெருஞ்சாலையில் 2002-லும், இத்தாலியின் விரைவுச்சாலைகளில் 2005-லும் இம்முறை வந்தது. நமக்கு மிகவும் பொருந்திய உதாரணம் ஸ்கொத்லாந்தின் ஏ-9 என்னும் நெடுஞ்சாலையாகும். டன்பிளேனிலிருந்து மலைநாட்டை ஊடறுத்து இன்வர்னஸ் வரை செல்லும் ஏறத்தாழ 220 கிலோமீற்றர் நீளத்திற்கு, 2014 ஒக்டோபர் 28-ஆம் நாள் முதல் சராசரிக் கதிக் கமராக்கள் இயங்குகின்றன. அச்சாலை டன்கெல்ட் என்னும் சிற்றூரை ஒட்டிச் செல்கிறது. டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அருகே, நமக்கும் ஒரு டன்கெல்ட் தோட்டம் உண்டன்றோ? ஊர்ப்பெயரை இங்கு கொணர்ந்த துரைமார் வழியினரின் நாட்டில் அக்கருவிக்கு முதலில் எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. அரசு ஒன்று செய்தது: கமராக்களை நாட்டிய அதே வேளையில், ஒற்றைவழிப் பகுதிகளில் கனரக லொறிகளுக்கு இருந்த 40 மைல் எல்லையை 50 மைலாக உயர்த்தியது. லொறியின் பின்னே பொறுமையிழந்து முந்துவோர் தொகை குறையும் என்பது அதன் நோக்கம். தண்டிக்கும் கையே தளர்வும் தந்தது.

2016-ல் பிரித்தானியாவில் ஆர்.ஏ.சி. நிறுவகத்தின் ஆய்வொன்று வெளிவந்தது. இக்கருவிகள் நிலையாக நாட்டப்பட்ட சாலைகளில், பொதுவாகவே குறைந்துவரும் போக்கைக் கழித்துப் பார்த்த பின்னரும், உயிரிழப்பும் கடுங்காயமும் விளைக்கும் விபத்துகள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்தன என்பது அதன் முடிவு. ஆயினும் ஏ-9 சாலையின் ஒற்றைவழிப் பகுதிகளில் 2022-ல் உயிரிழப்புகள் மீண்டும் பெருகின என்பதையும் மறைத்தலாகாது. கருவி கதியை அடக்கும். குறுகிய சாலையை அகலமாக்காது.

சாரதிகளின் நம்பிக்கைகள்

புதிய கருவி எங்கு வந்தாலும் அதைச் சுற்றிக் கதைகள் முளைப்பது இயல்பு. என் மாணாக்கர் கூறியவற்றுட் சிலவற்றை ஆராய்வோம்.

கமராவின் அருகே மட்டும் தளர்ந்தாற் போதும் என்பது முதல் நம்பிக்கை. கையிலேந்தும் கருவியிடம் பழகியதன் விளைவு இது. இங்கே கமராவின் அடியில் ஊர்ந்தாலும், இடையில் எடுத்த நேரம் மாறாது.

ஒரு தடத்தில் நுழைந்து மறு தடத்தில் வெளியேறினால் தப்பலாம் என்பது இரண்டாவது. பழைய அமைப்புகள் சிலவற்றில் ஒரு தடத்துக் கமரா அதே தடத்துக் கமராவோடு மட்டுமே இணைக்கப்பட்டிருந்தமையால், இதில் ஒருகாலத்தில் உண்மை இருந்தது. இன்றைய அமைப்புகள் எல்லாத் தடங்களையும் ஒப்பிடுகின்றன. பழைய உண்மை புதிய பொய்யாவது இப்படித்தான்.

ஒளி மின்னவில்லையாதலின் படம் பிடிக்கவில்லை என்பது மூன்றாவது. இக்கருவிகள் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரைப் பயன்படுத்துகின்றன. இரவிலும் மின்னாமலே படிக்கும். தகட்டிற் சேறு பூசுவதும், பளபளக்கும் தட்டுகளைத் தொங்கவிடுவதும் பயனற்றவை. தகட்டை மறைப்பது தனியொரு குற்றமுமாகும். நம் மலைநாட்டில் வண்டியின் முன்னே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறோம். வழிக் கோயில்களில் உண்டியலிற் காசு இடுகிறோம். நம்பிக்கை நெஞ்சுக்கு உறுதி தரட்டும். தடுப்பின் வேலையை அதனிடம் ஒப்படைத்தலாகாது.

நான்காவது சற்று நுட்பமானது. முற்பாதியில் விரைந்து, பிற்பாதியில் மெல்லச் சென்றாற் சராசரி சரியாகிவிடும் என்பர். இது மெய்யே! ஆனால் கணக்கைப் பாருங்கள். மேற்சொன்ன 10 கிலோமீற்றரில் முதல் 5-ஐ மணிக்கு 75 வீதம் ஓட்டினால் 4 நிமிடம் செல்லும். எஞ்சிய 5-ஐக் கடக்க 8 நிமிடம் எடுத்தாக வேண்டும். அதாவது மணிக்கு 37.5 கிலோமீற்றருக்குத் தளர வேண்டும். முடிவில் அவரும், தொடக்கமுதல் 50-ல் ஒரே சீராக வந்தவரும் அதே பன்னிரண்டாம் நிமிடத்தில் ஒருங்கே சென்று சேர்வர். இடையில் தேநீர் அருந்தி நேரத்தைக் கழித்தவர்க்கும் இதுவே கதி. உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய நிமிடங்களைத் தாமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கருவியை ஏமாற்றலாம், ஆனால் ஏமாற்றியதால் வரும் ஊதியம் சுழியம். இக்கருவியின் அறிவு முழுவதும் இதிலேதான் இருக்கிறது.

நம் மலைச்சாலைகள்

இனி நம் நிலையை நோக்குவோம். 2023 ஜனவரி 20-ல் நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவரை ஏற்றிச் சென்ற பேருந்து வானொன்றோடும் முச்சக்கர வண்டியோடும் மோத, ஏழு உயிர்கள் போயின. 2024 டிசெம்பரில் ஹட்டன், மல்லியப்புப் பகுதியில் பேருந்து கவிழ்ந்து மூவர் மாண்டனர். 2025 மே 11-ல் கொத்மலை, கெரண்டியெல்லவில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவை எல்லாவற்றிற்கும் கதியே காரணம் என நான் கூறவில்லை. தடுப்புப் பழுதும், உறக்கமின்மையும், அளவுக்கு மீறிய கூட்டமும், பாதுகாப்புச் சுவரற்ற ஓரமும் தத்தம் பங்கைச் செய்யும். ஆனால் எந்தப் பிழை நேரினும் அதன் விலையை நிர்ணயிப்பது கதியே. கதி 50-லிருந்து 70-க்கு ஏறினால், மோதலின் சக்தி ஏறத்தாழ இருமடங்காகிறது. நெடுஞ்சரிவில் விரைந்திறங்கி அடிக்கடி தடுப்பை மிதித்தால் அது சூடேறித் தன் பிடியை இழக்கிறது; தாழ்ந்த கியரிற் சீராக இறங்கும் வண்டியே வளைவில் நிற்க வல்லது. அவ்வளைவில் நடைபாதை இல்லாத ஓரத்தில், புத்தகப் பையோடு தோட்டத்துப் பிள்ளைகள் நடந்து செல்கின்றனர்.

அப்படியாயின் ஸ்கொத்லாந்தின் கருவியை அப்படியே கொணர்ந்து நாட்டிவிடலாமா? அவசரப்படலாகாது. நம் சட்டப்படி, கட்டடங்கள் செறிந்த இடங்களிற் பேருந்துக்கு 50. ஏனைய இடங்களில் 60. ஊசி வளைவுகள் நிறைந்த சாலையில் 40-ஏ பேராபத்தாகலாம். மேலும், நம் பேருந்து தோட்டத்துக்குத் தோட்டம், லயத்துக்கு லயம் நின்று செல்வது. நிற்கும் நேரமெல்லாம் சராசரியைக் குறைக்கும். இரு தரிப்புகளுக்கு இடையே பறந்த பாய்ச்சல் அதில் மறைந்துபோகும். அடர்ந்த மூடுபனியில் கமராவின் கண்ணும் மங்கும். ஆகையால் ரதல்ல போன்ற குறுகிய சரிவுப் பகுதிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் அதன் இயல்புக்கேற்ற எல்லையை முதலில் விதித்து, அறிவிப்புப் பலகை நாட்டி, பின்னரே கருவியை வைத்தல் முறையாகும்.

கருவி வருமுன்னரே செய்யத்தக்கது ஒன்றுண்டு. சாரதி சொன்னாரே, புத்தகத்தோடு ஹட்டனில் நிற்பவர், அவர்தாம் நேரக்காப்பாளர். பேருந்து புறப்பட்ட நேரத்தையும் வந்த நேரத்தையும் குறிப்பவர். சிந்தித்துப் பார்த்தால், சராசரிக் கதியை அளக்கும் கருவி நம்மிடம் நெடுங்காலமாகவே இருக்கிறது! இரு இடங்கள், இரு நேரங்கள், இடையில் அறிந்த தூரம், வேறென்ன வேண்டும்? ஆனால் நாம் அதனைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம். பிந்தி வந்தவரை அப்புத்தகம் கடிகிறது. முந்தி வந்தவரை ஏனென்று கேட்பதில்லை. தாமதமே குற்றமென எழுதும் ஏடு, விரைவுக்குக் கட்டளையிடும் ஏடாகிவிடுகிறது. அதே பக்கத்தில் இன்னொரு நிரலைச் சேர்த்து, "இந்நேரத்துக்கு முன் வரலாகாது" என்று எழுதினால் என்ன? மழையும் மூடுபனியும் உள்ள நாட்களுக்குக் கூடுதல் நேரத்தை ஒழுங்காகவே ஒதுக்கினால் என்ன? செலவு ஒரு பேனா மை அளவே. நிற்கும் நேரம் இதிலும் கலந்திருக்கும் என்பது உண்மை; ஆயினும் சாரதியின் முதுகில் ஏறியிருக்கும் கடிகாரம் இறங்கிவிடும்.

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று அச்சாரதியை விரட்டியவர் நேரக்காப்பாளர் மட்டுமல்லர். ஏறும்போதே எட்டரை மணியை அவர் தலையிற் சுமத்திய நானுந்தான். 10 கிலோமீற்றரை 50-ல் கடப்பதற்கும் 60-ல் கடப்பதற்கும் உள்ள வேறுபாடு இரண்டே நிமிடம். அவ்விரண்டு நிமிடத்தை வீட்டிற் சோம்பிக் கழித்துவிட்டுச் சாலையிற் கடன் கேட்டேன். வள்ளுவர் காலமறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார் என்று வகுப்பிற் கற்பிப்பவன் நான்!

அன்று எட்டு இருபத்தைந்துக்கே ஹட்டன் சேர்ந்துவிட்டோம். நடத்துநர் ஏட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். சாரதி என்னைத் திரும்பிப் பார்த்து, "சொன்ன மாதிரி சேத்துட்டேனே ஐயா" என்றார். அவர் முகத்தில் வியர்வை அரும்பியிருந்தது. நன்றி கூறி இறங்கினேன். மறுநாள் முதல் அதற்கு முந்திய பேருந்திலேயே சென்று வருகிறேன்.