கத்தி ஏறிய கப்பல் எது?

“கத்தி என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் ‘கட்’ ஆயிற்று!” என்று மேடையில் ஒருவர் முழங்கினால் போதும், நம் மாணவர் மன்றத்தில் கையொலி கூரையைப் பிளக்கும். தமிழ்ப்பற்று யாருக்குத்தான் இல்லை? ஆயினும், ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கூற்றை நான் ஏற்பதற்கில்லை.

ஒலி ஒத்திருந்தால் உறவாகிவிடுமா? வெட்டுதலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ‘ஷியெரன்’ என்பது அச்சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வழங்கியது. ஆட்டு மயிர் கத்தரிப்பதைக் குறிக்கும் ‘ஷியர்’ அதன் நேர் வாரிசு. வெட்டிப் பிரித்த பங்கு ‘ஷேர்’. மண்ணைக் கிழிக்கும் ஏரின் கொழுவும் ‘ஷேர்’தான். (பங்குச் சந்தைக்காரர் எவரேனும் கொழுவை நினைத்ததுண்டா?) வெட்டிக் குறைத்தது ‘ஷார்ட்’. குட்டையாக வெட்டிய ஆடை ‘ஷர்ட்’.

அப்படியானால் ‘ஸ்கர்ட்’? அதுவும் இதே சொல்தான்! 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய வடநாட்டு நார்ஸ் மக்களின் வாயில் ‘ஸ்க்’ என நின்ற ஒலி, ஆங்கிலேயர் வாயில் ‘ஷ்’ ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் மீன் ‘ஃபிஷ்’. டேனிய மொழியில் ‘ஃபிஸ்க்’. கப்பல் ‘ஷிப்’, ஐஸ்லாந்தில் ‘ஸ்கிப்’. ஒரு சொல்லில் மட்டுமன்று, சொல்லுக்குச் சொல் இம்முறை தொடர்கிறது. இதுவன்றோ உறவுக்குச் சான்று!

கிரிக்கெட்டில் நாம் கூவும் ‘ஸ்கோர்’ என்பதும் நார்ஸ் மக்கள் தந்ததே. கோலில் வெட்டிய கணக்குக் கீறல் என்பது அதன் பொருள். இருபது என்ற எண்ணையும் அது குறிக்கும். இங்கிலாந்தின் அரசுக் கருவூலமே 1826 வரை இத்தகைய கீறற்கோல்களில் கணக்கு வைத்திருந்தது. வேண்டாத கோல்களை 1834இல் அடுப்பிலிட்டு எரித்தபோது நாடாளுமன்றக் கட்டடமே தீக்கிரையான கதை தனிச் சுவையுடையது.

இனி ‘கட்’டுக்கு வருவோம். பழைய ஆங்கில நூல்களில் அச்சொல்லின் சுவடே இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஏட்டில் தலைகாட்டுகிறது. அதன் பிறப்பு குறித்து அறிஞர்கள் இன்னும் அறுதியிட்டுரைக்கவில்லை. கத்திதான் அங்கே சென்றதென்றால், எவர் கொண்டு சென்றார்? இடையிலுள்ள எந்த மொழியில் தங்கிச் சென்றது?

தமிழ்ச் சொற்கள் ஆங்கிலம் புகவில்லை என்று நான் சொல்லவில்லை. கட்டுமரம் ‘கட்டமரன்’ ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த ஐரோப்பியர் கண்ணால் கண்ட பொருளோடு பெயரையும் எடுத்துச் சென்றனர். அவர்கள் எழுத்திலேயே சான்று இருக்கிறது. மன்றத்து நண்பர்கள் கத்திக்கும் அப்படி ஒரு கப்பலைக் காட்டட்டும். முதல் கையொலி என்னுடையதாக இருக்கும்.